கார் பார்க்கிறது, நீங்களும் பாருங்கள்

ஒரு திங்கட்கிழமை. விசையும் இயக்கமும் பாடம் முடிந்து மணி அடிக்கப் போகும் நேரம். படிவம் 4 மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“டீச்சர், எங்க அப்பா புது காடி எடுத்திருக்காரு. முன்னால ஏதாவது வந்தா தானாவே பிரேக் போடுமாம். அப்போ கண்ணு அசந்துட்டாலும் ஒன்னும் ஆகாதுதானே?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். வேலை முடிந்து, விடிவதற்கு முன்பே கிளம்பி, சுங்கை சிப்புட் பக்கம் உள்ள வீட்டுக்குக் காரோட்டி வருகிறார். அவர்கள் குடியிருக்கும் இடம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இப்போது செம்பனை. கடைசிச் சில கிலோமீட்டர் தோட்டச் சாலையில் விளக்குக் கம்பமும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. அந்தக் கார் வந்த நாளிலிருந்து அம்மா கவலையில்லாமல் தூங்குகிறார் என்றும் அவன் சொன்னான்.

அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அடுத்த இரண்டு பாட வேளைகளில் அவனுக்கும் வகுப்புக்கும் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒரு கார் நிற்கலாம். அதன் பெட்டிக்குள் இருக்கும் கையேட்டை யாராவது படித்திருக்கிறார்களா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கார் எந்தப் படியில் நிற்கிறது?

தானாக ஓடும் கார் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எல்லாக் கார்களும் ஒரே அளவுக்குத் தானாக ஓடுவதில்லை. அனைத்துலக வாகனப் பொறியியலாளர் அமைப்பான எஸ்ஏஇ 2014ஆம் ஆண்டில் இதை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்தது.

படி 0: எல்லாம் மனிதர் கையில். கார் எச்சரிக்கலாம், ஆபத்து நேரத்தில் ஒரு கணம் பிரேக்கும் போடலாம். ஆனால் தொடர்ந்து ஓட்டுவது நீங்கள்தான். படி 1: வேகம் அல்லது திசை, இரண்டில் ஒன்றைக் கார் தொடர்ந்து கவனித்துக்கொள்ளும். படி 2: இரண்டையும் கவனித்துக்கொள்ளும், ஆனால் உங்கள் கண் சாலையை விட்டு அகலக் கூடாது. படி 3: குறிப்பிட்ட சூழலில் கார் தானே ஓட்டும், கூப்பிட்டால் நீங்கள் உடனே பொறுப்பேற்க வேண்டும். படி 4: வரையறுத்த இடத்துக்குள் மனிதர் துணையே வேண்டாம். படி 5: எந்தச் சாலையிலும், எந்த வானிலையிலும் தானே ஓடும். படி 5 கார் உலகில் இன்னும் எங்கும் விற்பனைக்கு வரவில்லை.

இப்போது நம் ஊர்க் கார்களைப் பார்ப்போம். 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை பெரோடுவா மைவியின் உயர்ந்த ரகத்தில், முன்னால் உள்ள வாகனத்தைக் கண்டு எச்சரித்துப் பிரேக் போடும் வசதி இருந்தது. நம் நாட்டில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இந்த நுட்பம் வந்தது அப்போதுதான். அந்த முதல் அமைப்பு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை எச்சரிக்கும். ஆனால் தானாகப் பிரேக் போடுவது மணிக்கு 30 கிலோமீட்டர் வரைதான். 2019இல் வந்த அருஸ் காரில் அந்த எல்லை உயர்ந்தது, நடந்து செல்பவரை அடையாளம் காணும் திறனும் சேர்ந்தது.

நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் இருக்கும் புரோட்டோன் தொழிற்சாலையிலிருந்து 2020 அக்டோபரில் எக்ஸ்50 வெளிவந்தது. அதன் மிக உயர்ந்த ரகம் முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டு ஓடும், தடத்தின் நடுவிலும் நிற்கும். அது படி 2.

ஆக, உங்கள் வாசலில் நிற்கும் கார் பெரும்பாலும் படி 0, 1 அல்லது 2இல்தான் இருக்கும். இந்த மூன்று படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வாகனமோட்டி நீங்கள், கார் உதவியாள். மாணவனின் அப்பா வாங்கியது உதவியாளைத்தான். அவர் நம்பியதோ ஓர் ஓட்டுநரை.

இரண்டு கண் எதற்கு?

கார் எப்படிப் பார்க்கிறது? மைவியின் முன்கண்ணாடி உச்சியில், உள்பக்கமாக, ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேமரா. ஏன் இரண்டு? இதை நீங்கள் இருக்கும் இடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம்.

கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் அசையவில்லை, ஆனால் பின்னால் உள்ள சுவரில் அது இடம் மாறித் தாவியது போலத் தெரியும். இப்போது விரலைப் பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி செய்யுங்கள். தாவல் ஏறத்தாழ இரு மடங்காகும். பக்கத்தில் இருந்தால் பெரிய தாவல், தூரத்தில் இருந்தால் சிறிய தாவல். நம் மூளை இந்தத் தாவலை அளந்துதான் தூரத்தைச் சொல்கிறது. காரின் கணினியும் இரண்டு படங்களை ஒப்பிட்டு இதே கணக்கைச் செய்கிறது.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் 6.5 சென்டிமீட்டர். 1 மீட்டர் தூரத்தில் உள்ள பொருளை இரு கண்களும் பார்க்கும் கோணத்தில் ஏறத்தாழ 3.7 பாகை வேறுபாடு இருக்கும். 10 மீட்டரில் அது 0.37 பாகை. 100 மீட்டரில் வெறும் 0.037 பாகை. தூரம் கூடக் கூட வேறுபாடு நூலிழையாகிவிடுகிறது, அளப்பதில் பிழை ஏறுகிறது. இரண்டு கேமராவுக்கும் இதே சிக்கல்தான். மேலும் கேமரா ஒளியை நம்பி வாழும் கருவி. அடைமழை, எதிரே வரும் விளக்கின் கூச்சம், கண்ணாடியில் ஒட்டிய சேறு, பனிமூட்டம் ஆகியவை நம் கண்ணைக் கெடுப்பது போல் அதன் கண்ணையும் கெடுக்கும்.

அதனால்தான் பல கார்களில் ரேடாரும் இருக்கிறது. கார் ரேடார் பொதுவாக 77 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து அந்தப் பொருளின் வேகத்தை நேராகக் கண்டுபிடித்துவிடும். ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் ஒலி கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவு. மழையும் இருட்டும் ரேடாரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் அது பார்க்கும் உருவம் மங்கல். எதிரே இருப்பது இரும்புத் தடுப்பா, நிற்கும் லாரியா என்று பிரித்தறிய அது திணறும்.

மூன்றாவது கண் லைடார். கண்ணுக்குத் தெரியாத லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கிறது. 30 மீட்டர் தூரத்தில் உள்ள மரத்தைத் தொட்டுத் திரும்ப ஒளிக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 5 மில்லியனில் ஒரு பங்கு. இப்படிப் புள்ளி புள்ளியாக அளந்து சுற்றுப்புறத்தின் முப்பரிமாண வடிவத்தையே வரைந்துவிடும். ஓட்டுநர் இல்லாத டாக்சிகளின் தலையில் இதைப் பார்க்கலாம். நாம் பெரும்பாலும் ஓட்டும் காரில் இது இல்லை.

காண்பது வேறு, அறிவது வேறு

சரி, நல்ல கேமரா, நல்ல ரேடார், லைடார் எல்லாம் பொருத்திவிட்டால் போதுமா? போதாது என்று உலகுக்குக் காட்டியது ஒரு விபத்து.

2018 மார்ச் 18, இரவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரம். ஊபர் நிறுவனத்தின் தானியங்கிச் சோதனைக் கார் ஒன்று மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளியபடி, கடவுப் பாதை இல்லாத இடத்தில் சாலையைக் கடந்தார். கார் அவரை மோதிக் கொன்றது. தானாக ஓடும் கார் மோதி நடந்து செல்பவர் ஒருவர் இறந்தது அதுவே முதல் முறை.

கார் அவரைப் பார்க்கவில்லையா? பார்த்தது. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே, அதாவது ஏறத்தாழ 100 மீட்டர் தூரத்திலேயே, அதன் கருவிகள் ஏதோ இருப்பதைக் கண்டுவிட்டன. ஆனால் அது என்ன என்று கணினிக்குப் புரியவில்லை. வாகனம் என்றது. பிறகு வேறேதோ பொருள் என்றது. பிறகு சைக்கிள் என்றது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றியபோதும், அந்தப் பொருள் அதுவரை எப்படி நகர்ந்து வந்தது என்ற பதிவைக் கைவிட்டுப் புதிதாகக் கணக்கிடத் தொடங்கியது. அதனால் அவர் தன் பாதைக்குள் வருகிறார் என்பது கடைசி நேரம் வரை தெரியவில்லை. கடவுப் பாதை இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கலாம் என்பதையே அந்த மென்பொருளை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது.

இதை வகுப்பில் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நம் தோட்டப்புறத்தில் கடவுப் பாதையில் சாலையைக் கடப்பவர் யார்? கடவுப் பாதையே ஏது? சைக்கிளில் மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு கடக்கும் தாத்தாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவரைப் பார்த்ததும் நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. அவர் நிற்பாரா நடப்பாரா, காது கேட்குமா கேட்காதா என்றுகூட ஊகிக்கிறோம். கணினிக்கு அது தானாக வராது. அதற்குக் காட்டிய படங்களில் இருந்தவற்றை, காட்டிய விதத்தில்தான் அது அறியும்.

இன்னோர் எடுத்துக்காட்டு வேடிக்கையானது, ஆனால் பாடம் அதேதான். விலங்குகளைக் கண்டறியும் அமைப்பை வோல்வோ நிறுவனம் சுவீடனில் உருவாக்கியது. அங்குள்ள மூஸ் என்னும் பெரிய மானை அது நன்றாக அறிந்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனபோது கங்காரு அதைக் குழப்பிவிட்டதாக 2017இல் அந்த நிறுவனமே தெரிவித்தது. விலங்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தரையை வைத்து அந்த அமைப்பு கணித்தது. கங்காரு தாவி அந்தரத்தில் இருக்கும்போது தூரத்தில் இருப்பதாகவும், தரையிறங்கியதும் பக்கத்தில் வந்துவிட்டதாகவும் அதற்குத் தோன்றியது.

நமக்குக் கங்காரு இல்லை. ஆனால் கெரிக் – ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் யானை உண்டு. 2025 மே மாதத்தில் அங்கே இரவில் லாரி மோதி ஒரு யானைக்குட்டி இறந்ததும், தாய் யானை அந்த லாரியைத் தலையால் முட்டியபடி இடத்தை விட்டு நகராமல் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். கறுத்த இரவில் கறுத்த தோல், விளக்கொளியைத் திருப்பி அனுப்பாத உடல். அப்படியொரு காட்சியை எந்த நாட்டுக் கணினிக்கு யார் காட்டிப் பழக்கியிருப்பார்கள்?

நம் சாலை வேறு

ஓட்டுநரே இல்லாத டாக்சி இன்று கதை அல்ல. 2020 அக்டோபரிலேயே வேமோ நிறுவனம் அரிசோனாவின் பீனிக்ஸ் நகர்ப்பகுதியில் பொதுமக்களை ஓட்டுநர் இல்லாமல் ஏற்றிச் செல்லத் தொடங்கிவிட்டது. அதற்கு முன், 2016 ஆகஸ்டில், நம் பக்கத்துச் சிங்கப்பூரில் நியூடோனமி என்ற நிறுவனம் தானியங்கி டாக்சியைப் பொதுமக்களோடு சோதித்தது. அதில் பாதுகாப்புக்காக ஓர் ஓட்டுநரும் அமர்ந்திருந்தார்.

ஆனால் பீனிக்ஸ் எப்படிப்பட்ட ஊர்? பாலைவனம். ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர். நம் தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை கொட்டுகிறது. இருபது மடங்கு. அங்கே அகலமான நேர்ச்சாலை, தெளிவான கோடு. இங்கே கோடு தேய்ந்த சாலையும் கோடே இல்லாத சாலையும் உண்டு. கோடு இல்லையென்றால், தடத்தில் நிறுத்தும் வசதி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் விலகிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் உங்களோடு வந்த உதவியாள், தோட்டச் சாலைக்குத் திரும்பியதும் ஓசைப்படாமல் இறங்கிவிடுகிறார். அந்த மாணவனின் அப்பாவுக்கு அவர் மிகவும் தேவைப்படும் இடம் எதுவோ, அந்த இடத்திலேயே.

இன்னொன்று, மோட்டார் சைக்கிள். நம் நாட்டில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 6,000 பேருக்கு மேல் சாலை விபத்தில் இறந்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காரின் பின்புறம் அகலமானது, இரண்டு சிவப்பு விளக்கு உண்டு. மோட்டார் சைக்கிள் ஒடுங்கியது, ஒரே விளக்கு, சில நேரம் அதுவும் எரியாது. மனிதக் கண்ணும் தவறவிடும், கேமராவும் தவறவிடக்கூடும். இதை உணர்ந்துதான், தென்கிழக்காசியக் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் ஆசியான் என்கேப் திட்டம், 2021இல் தொடங்கிய மதிப்பீட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகளின் பாதுகாப்பைத் தனியொரு தூணாகச் சேர்த்தது. ஐரோப்பாவுக்குச் சரியான காரே நமக்கும் சரி என்று விட்டுவிடாமல், நம் சாலைக்கு நம் கேள்வியைக் கேட்ட நல்ல முடிவு அது.

கணினியால் மாற்ற முடியாத கணக்கு

இப்போது பாடப்புத்தகத்துக்கு வருவோம். கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது நொடிக்கு 25 மீட்டர். ஆபத்தைக் கண்டு, காலைத் தூக்கி, பிரேக்கை மிதிக்க ஒருவருக்கு 1.5 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 37.5 மீட்டர் ஓடிவிடும். பிறகுதான் வேகம் குறையத் தொடங்கும்.

காய்ந்த சாலையில் நல்ல பிரேக் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும் என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இரு மடங்கு வேகக்குறைப்பால் வகுத்தால், 625 ÷ 14, சுமார் 45 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 82 மீட்டருக்கு மேல். சாலை நனைந்து பிடிமானம் பாதியானால் பிரேக் தூரம் மட்டும் 90 மீட்டர், மொத்தம் 127 மீட்டர்.

இதே கார் மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் காய்ந்த சாலையில் பிரேக் தூரம் வெறும் 5 மீட்டர். வேகம் மூன்று மடங்கு, ஆனால் இயக்க ஆற்றலும் பிரேக் தூரமும் ஒன்பது மடங்கு. முதலில் வந்த அமைப்பு ஏன் 30இல் நின்றது என்று கேட்ட மாணவிக்கு இந்த ஒன்பது மடங்கே பாதி விடை. வேகம் கூடினால் கார் மிகத் தொலைவிலேயே ஆபத்தை உறுதி செய்ய வேண்டும். தொலைவில்தான் இரண்டு கேமராவின் கணக்கும் பலவீனமாகிறது.

கணினிக்கு 1.5 நொடி தேவையில்லை என்பது உண்மை. அதுதான் அதன் பெரிய பலம். ஒரு நொடியில் சிறு பங்கிலேயே முடிவெடுத்துவிடும். ஆனால் நனைந்த சாலையின் 90 மீட்டரை அதனால் குறைக்க முடியாது. காரின் தாழ்ந்த விளக்கில் நமக்குத் தெளிவாகத் தெரிவதோ சுமார் 50 மீட்டர். கடைசியில் காரை நிறுத்துவது டயர். உள்ளங்கை அளவு ரப்பர், நான்கு இடத்தில் தார்ச்சாலையைத் தொடுகிறது, அவ்வளவுதான். 1877இல் கோலா கங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கி, நம் தாத்தா பாட்டிமார் பால் வெட்டி உலகக் கார்களுக்கு அனுப்பிய அதே ரப்பர். டயர் தேய்ந்திருந்தால் எந்தக் கேமராவும் கைகொடுக்காது.

உதவியாள் இருந்தால் தூக்கம் வருகிறது

மாணவனின் கேள்விக்கு இப்போது நேராக வருகிறேன். கண் அசந்தால் என்ன ஆகும்? மூன்று நொடி மட்டும் கண் மூடினால், 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் 75 மீட்டர் ஓடியிருக்கும். மூன்று நொடியை நீங்கள் தூக்கம் என்றே உணரமாட்டீர்கள். அந்தத் தூரத்தில் சாலை வளைந்தால், முன்னால் வாகனம் எதுவும் இல்லையென்றால், பிரேக் போடும் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. கார் நேராகச் செம்பனை மரத்துக்கோ வாய்க்காலுக்கோ போகும். முன்னால் இருப்பதை மோதாமல் தடுக்கத்தான் அது வந்தது. தூங்குபவரை வீடு சேர்க்க அல்ல.

இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. கருவி நன்றாக வேலை செய்யச் செய்ய நம் கவனம் குறைகிறது. டெம்பியில் அந்தச் சோதனைக் காருக்குள்ளும் ஒரு பாதுகாப்பு ஓட்டுநர் அமர்ந்திருந்தார். அவர் வேலையே சாலையைப் பார்ப்பதுதான். ஆனால் விபத்துக்கு முன் அவர் கண் கைப்பேசியில் ஓடிய நிகழ்ச்சியில் இருந்ததாக விசாரணை சொன்னது. நாள்தோறும் ஒன்றும் நடக்காமல் ஓடும் காரில் மனம் மெல்ல மெல்லப் பொறுப்பை இறக்கி வைத்துவிடுகிறது. இது ஒருவரின் சோம்பல் மட்டும் அல்ல, மனித மூளையின் இயல்பு. சும்மா உட்கார்ந்து காவல் காப்பது ஓட்டுவதைவிடக் கடினமான வேலை.

எனக்கும் இது நேர்ந்தது. எங்கள் தோட்டக் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது, வளைவில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்து என் கார் அலறியது. அன்று சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து மெனோரா சுரங்கப்பாதையை நோக்கிய ஏற்றத்தில் அது மறுபடி அலறியபோது, “இதுக்கு இதே வேலை” என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். இம்முறை உண்மையாகவே முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. என் கால் பிரேக்குக்குப் போனது தாமதமாகத்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொய் எச்சரிக்கை நம்மைச் செவிடாக்கும் என்பதையும், மெய் எச்சரிக்கை நம்மைச் சோம்பேறியாக்கும் என்பதையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

அப்படியானால் இந்த வசதிகள் வீணா? இல்லவே இல்லை. நெரிசலில் ஒரு கணம் பார்வை திரும்பியபோது முன் காரை முட்டாமல் காப்பாற்றும். விழித்திருக்கும் ஓட்டுநருக்கு அது இரண்டாவது சோடிக் கண். விழித்திருக்காதவருக்கு அது முதல் சோடிக் கண்ணாக ஆக முடியாது. வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் எதை வாங்கினோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒன்று. நண்பர் 30 சென்டிமீட்டர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். 0 குறிக்கு நேராக உங்கள் விரல்களைத் தொடாமல் வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடுவார், நீங்கள் பிடிக்க வேண்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.14 நொடி, 20இல் 0.20 நொடி, 30இல் 0.25 நொடி. பிறகு மற்றொரு கையில் கைப்பேசியில் ஒரு செய்தியைத் தட்டிக்கொண்டே செய்து பாருங்கள். அடிக்கோல் எத்தனை முறை கீழே விழுகிறது என்று எண்ணுங்கள். இங்கே அடிக்கோல் விழப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும். சாலையில் தெரியாது. அதனால்தான் அங்கே 1.5 நொடி.

இரண்டு. நண்பர் ஒரு பேனாவை உங்கள் முன்னால் கை நீளத்தில் பிடிக்கட்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே முயற்சியில் பக்கவாட்டிலிருந்து மூடியைப் போடுங்கள். பிறகு இரு கண்ணாலும் போடுங்கள். காருக்கு ஏன் இரண்டு கேமரா என்பதற்கு உங்கள் கையே விடை சொல்லும்.

மூன்று. இதுதான் முக்கியம். காரின் கையேட்டை எடுத்து, உதவி வசதிகள் பற்றிய பகுதியைப் பெற்றோரோடு உட்கார்ந்து படியுங்கள். எந்த வேகம் வரை பிரேக் போடும்? இரவில் ஆளைக் காணுமா? மோட்டார் சைக்கிளைக் காணுமா? எந்தச் சூழலில் வேலை செய்யாது? நான்கு விடைகளையும் ஒரு தாளில் எழுதி, கார் பெட்டிக்குள் வையுங்கள். கேமராவுக்கு முன்னால் உள்ள கண்ணாடியைத் துடைத்து வையுங்கள், அந்த இடத்தில் சாலைவரி வில்லையோ சாமி படமோ ஒட்டாதீர்கள். தோட்டச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அண்ணன் இருந்தால், அவருடைய பின்விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள். மனிதக் கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒருசேர உதவும் கருவி அந்தச் சிறு விளக்கு.

அந்த மாணவன் கையேட்டை அப்பாவோடு படித்தானாம். மூன்று வாரம் கழித்து வகுப்புக்கு வெளியே என்னிடம் வந்து சொன்னான். இரவு வேலை முடிந்ததும் அவர் உடனே கிளம்புவதில்லை. தொழிற்சாலை நிறுத்துமிடத்திலேயே இருக்கையைச் சாய்த்து, கைப்பேசியில் மணி வைத்து, இருபது நிமிடம் தூங்குகிறார். பிறகு முகம் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

“இப்பல்லாம் அரை மணி நேரம் லேட்டாத்தான் வர்றாரு டீச்சர்” என்றான். அம்மாவிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டானாம்.